ஈடுகொடுக்கும் இருவர்

தாலி கட்டி, பந்தியும் ஓய்ந்த பிறகு பல தமிழ்க் குடும்பங்களின் கல்யாண வீட்டில் ஒரு குடம் வரும். உள்ளே மஞ்சள் கரைத்த தண்ணீர். அதில் ஒரு மோதிரத்தைப் போடுவார்கள். பெண்ணும் மாப்பிள்ளையும் ஒரே நேரத்தில் கையை விட்டுத் தேட வேண்டும். குடத்தின் வாய் குறுகலானது. இரண்டு கை நுழையவே இடம் போதாது. பெண் வீட்டார் ஒரு பக்கமும் மாப்பிள்ளை வீட்டார் ஒரு பக்கமும் நின்று கூச்சல் போடுவார்கள். யாருக்கு மோதிரம் அதிக முறை சிக்குகிறதோ அவர் கைதான் அந்த வீட்டில் ஓங்கும் என்று பெரியவர்கள் சிரித்துக்கொண்டே சொல்வார்கள். நலுங்கு வைக்கிற குடும்பங்களில் ஒருவர் தலையைச் சுற்றி ஒருவர் அப்பளத்தைத் தட்டி உடைப்பதும், எதிரெதிரே உட்கார்ந்து தேங்காயை உருட்டி விளையாடுவதும் இதே வகையைச் சேர்ந்தவை. கலங்கிய தண்ணீருக்கடியில் தன் விரலில் பட்ட மோதிரத்தை மற்றவர் கைக்குள் நழுவவிடுகிறவர்களும் உண்டு. மேலே நின்று கத்துகிற யாருக்கும் அது தெரியாது. மந்திரமோ சாட்சியோ இல்லாத சடங்கு என்பதால் இதை வெறும் விளையாட்டு என்று ஒதுக்கிவிடுகிறோம். ஆனால் ஒரு தாம்பத்தியம் பின்னாளில் உயிரோட்டத்தோடு இருக்குமா, வெறுமனே நடந்துகொண்டிருக்குமா என்ற கேள்விக்குப் பாதி விடை அந்தக் குடத்துக்குள்தான் கிடக்கிறது.

கேள்வியை முதலில் சரியாகப் பிரித்துக்கொள்ள வேண்டும். கல்யாணம் உடையாமல் இருப்பது ஒன்று. உயிரோடு இருப்பது வேறு. நம் நாட்டில் மணமுறிவு குறைவு என்று பெருமைப்படுவது முதலாவதைப் பற்றிய பேச்சு. பிரிந்துபோக வழியில்லாததாலும், பிள்ளைகளுக்காகவும், ஊர் வாய்க்குப் பயந்தும் நீடிக்கிற உறவுகளும் அந்தக் கணக்கில் சேர்ந்தே வருகின்றன. இரண்டாவதை அளக்க அந்த எண்ணிக்கை உதவாது. 'குடும்ப மகிழ்ச்சிக்குப் பெரிதும் காரணம் கணவனா, மனைவியா?' என்று பட்டிமன்ற மேடைகளில் பல்லாண்டுகளாக அடித்துப் பேசி, கடைசியில் நடுவர் 'இருவருமே' என்று தீர்ப்புச் சொல்லி எல்லாரையும் சாப்பிட அனுப்பிவிடுகிறார். இருவருமே என்றால் எப்படி என்பதில்தான் விஷயம் இருக்கிறது. தமிழில் அதற்கு ஒரு சொல் ஏற்கெனவே இருக்கிறது: ஈடுகொடுத்தல். ஆட்டத்தில் எதிராளிக்குச் சளைக்காமல் நிற்பதற்கும் அதுதான் சொல். ஒருவருடைய வேகத்துக்கும் தேவைக்கும் ஏற்பத் தன்னைத் தயார்படுத்திக்கொள்வதற்கும் அதுதான் சொல். எதிர்த்து நிற்பதும் கொடுப்பதும் அந்த ஒரே சொல்லுக்குள் அடங்கிவிடுகின்றன. தாம்பத்தியத்தில் இவை இரண்டும் தனித்தனிச் சரக்குகள் என்று நினைப்பதால்தான், சவால் விடுபவளை வாயாடி என்றும் விட்டுக்கொடுப்பவளைக் குடும்பப்பாங்கானவள் என்றும் பிரித்து வைக்கிறோம். சவால் என்பது ஒரு கேள்வி, விட்டுக்கொடுப்பது அதற்கான பதில்களில் ஒன்று. கேள்வியே எழாத வீட்டில் பதிலுக்கு வேலை இல்லை.

நம் பழைய இலக்கியம் இதை நன்றாகவே அறிந்திருந்தது. தொல்காப்பிய மரபில் ஐந்து நிலத்துக்கும் ஐந்து உரிப்பொருள் உண்டு. அவற்றில் மருதத்துக்குரியது ஊடல். மருதம் என்றால் வயலும் வயல் சார்ந்த இடமும். பாலையைப் போல அங்கே வறட்சி இல்லை, குறிஞ்சியைப் போலக் களவும் இரவுச் சந்திப்பும் இல்லை. நெல் விளைகிறது, குளம் நிறைந்திருக்கிறது, கல்யாணம் ஆகிவிட்டது, பெரும்பாலும் பிள்ளையும் பிறந்துவிட்டது. எல்லாம் அமைந்துவிட்ட அந்த இடத்தைப் பார்த்து ஊடலைக் கொண்டுபோய் வைத்திருக்கிறார்கள். ஆபத்தும் தடையும் இருந்தவரை இருவருக்கும் எதிராளி வெளியே இருந்தான். வசதி வந்த பிறகுதான் ஒருவருக்கொருவர் எதிராளி ஆகிறார்கள். இதை இலக்கண ஒழுங்கு என்று மட்டும் சொல்லிக் கடந்துவிட முடியவில்லை; குடித்தனம் பார்த்துப் பழகியவர்கள் செய்த ஏற்பாடாகத்தான் தெரிகிறது.

வள்ளுவர் இன்னும் ஒரு படி மேலே போகிறார். 1330 குறளில் கடைசி 30 குறளும் இதைப் பற்றியவை: புலவி, புலவி நுணுக்கம், ஊடலுவகை என்று மூன்று அதிகாரங்கள். அறத்தில் தொடங்கி, அரசு, அமைச்சு, படை, உழவு என்று உலகத்தையெல்லாம் சுற்றிவந்த ஒரு நூல், கோபித்துக்கொண்ட மனைவியிடமும் சமாதானம் பேசும் கணவனிடமும் வந்து முடிகிறது. சங்க மருதத்தில் ஊடலுக்குப் பெரும்பாலும் காரணம் பரத்தை வீடு. அவன் போய்வருவான், அவள் கதவைச் சாத்துவாள். அங்கே ஊடல் என்பது வேறு ஆயுதமே இல்லாதவளின் கடைசி ஆயுதம். வள்ளுவர் அந்தக் காரணத்தைப் பெரும்பாலும் கழற்றிவிடுகிறார். புலவி நுணுக்கத்தில் அவன் தும்மினாலும் குற்றம், தும்மலை அடக்கினாலும் குற்றம். இல்லாத குற்றத்தை அவள் தேடித் தேடிக் கண்டுபிடிக்கிறாள். தண்டிக்கும் நோக்கம் போய், ஆட்டம் மட்டும் மிஞ்சுகிறது. அந்த ஆட்டத்தில் தோற்றவரே வென்றவர் என்றும் வள்ளுவர் விதி எழுதிவிடுகிறார். குடத்துத் தண்ணீருக்குள் நழுவவிட்ட மோதிரத்தின் கணக்கும் இதுதான்.

அளவையும் அவர் விட்டுவைக்கவில்லை. ஊடல் உணவுக்கு உப்பைப் போன்றது, கூடினால் கெட்டுவிடும் என்கிறார். பரிமேலழகர் துனியை முதிர்ந்த கலாம் (பூசல்) என்றும் புலவியை இளைய கலாம் என்றும் பிரித்து உரை சொல்கிறார். இன்றைய பேச்சில் சொன்னால், முகத்தைத் தூக்கிவைத்துக்கொள்வது புலவி. மூன்று நாளாகப் பேசாமல் இருப்பது துனிக்குப் பக்கத்தில் வந்துவிட்டது. ஒரே கோபத்துக்கு இத்தனை பெயர் வைத்திருக்கிறார்கள் என்றால், எந்தக் கட்டத்தில் சுவை எந்தக் கட்டத்தில் நஞ்சு என்று வேறுபடுத்திப் பார்த்திருக்கிறார்கள் என்று பொருள். இப்போது 'சண்டை' என்ற ஒரே பெட்டிக்குள் எல்லாவற்றையும் போட்டு மூடுகிறோம்; அதனால் சண்டையே கூடாது என்கிறவர்களும் சண்டை போட்டால்தான் அன்பு என்கிறவர்களும் ஒருவரோடொருவர் முட்டிக்கொள்கிறார்கள்.

இலக்கியம் படித்தவர்களோடு நின்றுபோன செய்தியும் அல்ல இது. திருவண்ணாமலையில் மாட்டுப் பொங்கலன்று திருவூடல் தெருவில் நடக்கும் விழாவில் அண்ணாமலையாரும் உண்ணாமுலையம்மனும் பிணங்கிக்கொள்வார்கள். அம்மனை விட்டுவிட்டுத் தன்னை மட்டும் வணங்கும் பிருங்கி முனிவருக்குச் சுவாமி காட்சி கொடுக்கப் போவதுதான் தகராறு. சுந்தரர் நடுவில் தூது போகிறார், பலிக்கவில்லை. அம்மன் கோயிலுக்குள் போய்விட, கதவு அடைபடுகிறது. சுவாமி அன்றிரவு குமரக்கோயிலில் தங்கி, மறுநாள் மலையைச் சுற்றி வந்து, மறுவூடலில் சேருகிறார்கள். ஸ்ரீரங்கத்தில் பங்குனியில் நடப்பது இதைவிடக் காரசாரம். நம்பெருமாள் உறையூருக்குப் போய்க் கமலவல்லி நாச்சியாரோடு சேர்த்தி கண்டு, விரலில் இருந்த மோதிரத்தைத் தொலைத்துவிட்டு வருகிறார். ரங்கநாச்சியார் சன்னிதியின் கதவு சாத்தப்படுகிறது. பூவாலும் வாழைமட்டையாலும் அடி விழுகிறது. அதற்கு மட்டையடி என்றே பெயர். தாயார் தரப்பில் சந்தேகக் கேள்விகளும் பெருமாள் தரப்பில் சமாளிப்புகளும் மாறிமாறி வாசிக்கப்படுகின்றன. கடைசியில் நம்மாழ்வார் வந்து சமாதானம் செய்துவைக்க வேண்டியிருக்கிறது. கூட்டம் இதைப் பக்தியோடும் சிரிப்போடும் பார்க்கிறது. கவனிக்க வேண்டியது, இது ஒருமுறை தீர்ந்துபோகிற வழக்கு இல்லை. அடுத்த ஆண்டும் அதே நாளில் அதே கதவு சாத்தப்படும். அதே தூதர் வருவார்.

இதெல்லாம் அழகான கற்பனை, நடைமுறைக்கு என்ன சான்று என்று கேட்பது நியாயம். கடந்த 40 ஆண்டுகளில் அமெரிக்க உளவியலாளர்கள் இதே கேள்வியைச் சோதனைக்கூடத்துக்குக் கொண்டுபோயிருக்கிறார்கள். ஆர்தர் ஆரன், எலைன் ஆரன் இருவரும் 1986-இல் ஒரு கருத்தை முன்வைத்தார்கள். மனிதர்கள் தம் திறனையும் அனுபவத்தையும் பெருக்கிக்கொள்ள விரும்புகிறார்கள். காதலின் தொடக்கத்தில் அந்தப் பெருக்கம் வேகமாக நடக்கிறது. இருவரும் ஒருவரையொருவர் தெரிந்துகொண்டு முடித்ததும் அது நின்றுவிடுகிறது. சலிப்பு என்று நாம் சொல்வது அந்த நிற்றலைத்தான். அப்படியானால் சேர்ந்து புதியதொன்றில் இறங்கினால் மறுபடி ஓட்டம் பிடிக்க வேண்டும். 1993-இல் வெளியான ஓர் ஆய்வில் 53 தம்பதிகளைப் பிரித்து, சிலரை வாரத்துக்கு ஒன்றரை மணி நேரம் தங்களுக்குக் கிளர்ச்சி தரும் செயல்களிலும், சிலரை இதமான செயல்களிலும் சேர்ந்து ஈடுபடச் சொன்னார்கள். மூன்றாவது குழுவுக்கு எந்த வேலையும் இல்லை. 10 வாரம் கழித்துப் பார்த்தபோது முதல் குழுவின் மணநிறைவுதான் கூடுதலாக இருந்தது. இதமான செயல்களைச் செய்தவர்களுக்கு அந்தப் பலன் கிடைக்கவில்லை. ஞாயிற்றுக்கிழமை ஓட்டலுக்குப் போய்ச் சாப்பிட்டு வருவது நல்லதுதான், ஆனால் அது வேறு கணக்கு.

2000-இல் வெளியான சோதனை இன்னும் வேடிக்கையானது. கணவனையும் மனைவியையும் ஒரு பக்கமாக மணிக்கட்டிலும் கணுக்காலிலும் பட்டையால் சேர்த்துக் கட்டிவிடுவார்கள். தரையில் விரித்த மெத்தைகளின் மேல் இருவரும் தவழ்ந்து போக வேண்டும். நடுவில் ஒரு தடுப்பு. அதை ஏறித் தாண்ட வேண்டும். கூடவே ஓர் உருளைத் தலையணையைச் சுமக்க வேண்டும். அதைக் கையால் பிடிக்கக் கூடாது, பல்லாலும் கவ்வக் கூடாது, இரண்டு உடம்புக்கு நடுவே இடுக்கிக்கொண்டே போக வேண்டும். ஒருவர் வேகமாகப் போனால் தலையணை விழும். ஒருவர் பின்தங்கினாலும் விழும். மொத்தம் 7 நிமிடம். சலிப்பான வேலை கொடுக்கப்பட்டவர்களைவிட இவர்கள் அதன் பிறகு தம் உறவைப் பற்றி நிறைவாகப் பேசினார்கள். நம் கல்யாணத்தில் மாப்பிள்ளையின் அங்கவஸ்திரத்தையும் பெண்ணின் முந்தானையையும் முடிச்சுப் போட்டு நடக்கவைப்பது நினைவுக்கு வருகிறது. அமெரிக்காவில் மணிக்கட்டைக் கட்டினார்கள், இங்கே துணியைக் கட்டுகிறார்கள். சவாலும் ஒத்துப்போவதும் பிரிக்க முடியாதபடி ஒரே செயலில் பின்னியிருக்கின்றன என்பதுதான் இந்தச் சோதனையில் எனக்குப் பிடித்த பகுதி. எதிரே தடுப்பு இல்லாவிட்டால் அவர்களுக்கு ஒருவரையொருவர் அனுசரித்துத் தவழ வேண்டிய காரணமே இல்லை.

ஏழு நிமிடக் கிளர்ச்சி எத்தனை நாள் தாங்கும் என்று கேட்கலாம். எதிர்த்திசையிலிருந்து வரும் சான்று இங்கே உதவுகிறது. டெட்ராய்ட் பகுதியில் பல்லாண்டுகளாகப் பின்தொடரப்பட்ட தம்பதிகளில் 123 ஜோடிகளின் தகவலை வைத்து 2009-இல் ஓர் ஆய்வு வந்தது. கல்யாணமாகி 7-ஆம் ஆண்டில் 'வாழ்க்கை ஒரே தடத்தில் போகிறது' என்று உணர்ந்தவர்கள் 16-ஆம் ஆண்டில் மற்றவர்களைவிட நிறைவு குறைந்தவர்களாக இருந்தார்கள். சண்டையும் சச்சரவும் எவ்வளவு என்பதைத் தனியே கணக்கில் எடுத்துக்கொண்ட பிறகும் சலிப்பின் பங்கு தனியாக நின்றது. நம் வீடுகளில் 'அவர்களுக்குள் சண்டையே வந்ததில்லை' என்பது பாராட்டு. சண்டை இல்லாத இடத்தில் வேறு என்ன இருந்தது என்று யாரும் கேட்பதில்லை.

சவால் என்பதற்குத் தடுப்பு தாண்டுவது மட்டும் பொருளாக இருந்தால் பேச்சு சுலபமாக முடிந்துவிடும். வாழ்க்கையில் பெரும்பாலான சவால், ஒருவர் மற்றவரிடம் 'நீ சொல்வது சரியில்லை' என்று சொல்வதுதான். இங்கே சான்று அவ்வளவு நேர்கோட்டில் போகவில்லை. ஜான் காட்மனும் லோவெல் கிரோகாஃபும் 1989-இல் வெளியிட்ட ஆய்வில், கருத்து வேறுபாடும் கோபமும் வெளிப்பட்ட தம்பதிகள் அப்போதைக்கு மகிழ்ச்சி குறைந்தவர்களாக இருந்தாலும் மூன்று ஆண்டுகளில் அவர்களின் நிறைவு மேம்பட்டது. சாக்குச் சொல்வது, பிடிவாதம், பேச்சிலிருந்து விலகிக்கொள்வது ஆகியவைதான் காலப்போக்கில் கெடுத்தன. பிற்பாடு வந்த ஆய்வுகள் எல்லாம் இதை அப்படியே உறுதிப்படுத்தவில்லை. காட்மனின் மணமுறிவுக் கணிப்புகளையும், முடிவு தெரிந்த பிறகு பொருத்திய சூத்திரங்கள் என்று சக ஆய்வாளர்கள் விமர்சித்திருக்கிறார்கள். ஜேம்ஸ் மெக்நல்டி 2010-இல் எழுதியது விஷயத்தைக் கொஞ்சம் தெளிவாக்குகிறது. சில்லறைப் பிரச்சினைக்கு நேரடியாகக் குற்றம் சாட்டி அதட்டினால் உறவு கெடுகிறது. பிரச்சினை கடுமையானதாக இருக்கும்போது அதே நேரடித்தன்மை உறவைத் தாங்கிப் பிடிக்க உதவுகிறது. குடிப்பழக்கத்தையும் கடனையும் நாசூக்காகச் சுட்டிக்காட்டிக்கொண்டிருந்தால் அவை நாசூக்காகவே வளரும்.

வலுவான ஆட்சேபம் உடம்பிலிருந்து வருகிறது. ஒஹையோவில் ஜானிஸ் கீகோல்ட்-கிளேசரும் ரொனால்ட் கிளேசரும் 2005-இல் வெளியிட்ட ஆய்வில் 42 தம்பதிகளின் முன்கையில் சின்னஞ்சிறு கொப்புளப் புண்களை உண்டாக்கி, அவை ஆறும் வேகத்தை அளந்தார்கள். ஒருமுறை ஆதரவாகப் பேசவைத்தார்கள்; இன்னொருமுறை கருத்து வேறுபாட்டைப் பற்றிப் பேசவைத்தார்கள். வேறுபாட்டைப் பேசிய முறை புண் மெதுவாக ஆறியது. இரண்டு முறையும் பகைமையோடு பேசிக்கொண்ட ஜோடிகளுக்கோ, மற்றவர்களுடைய வேகத்தில் 60 விழுக்காடுதான். வாக்குவாதமே உடம்புக்குக் கேடு என்று இதை வைத்து முடித்துவிடலாமா? பெரிய வித்தியாசம் எங்கே விழுந்தது என்று பார்க்க வேண்டும். வேறுபாட்டை எல்லாருமே பேசினார்கள். மிக மெதுவாக ஆறியது ஏளனமும் பகைமையும் கலந்தவர்களுக்கு. 'இந்த மாதம் இந்தச் செலவு ஏன்?' என்பது கேள்வி. 'உங்கள் குடும்பத்துக்கே கணக்கு வராதே' என்பது கொப்புளம். (ஆரன், கிளேசர், காட்மன் என்று இந்தத் துறையின் பெரிய பெயர்கள் பலவும் கணவனும் மனைவியுமாகச் சேர்ந்து வேலை பார்த்தவை. ஆய்வு முடிவு யாருடையது என்று அவர்கள் வீட்டில் என்ன பேச்சு நடந்திருக்குமோ!)

இனி விட்டுக்கொடுப்பதற்கு வருவோம். இந்தச் சொல்லுக்கு நம் பேச்சில் இரண்டு வாழ்க்கை உண்டு. 'கொஞ்சம் விட்டுக்கொடுத்துப் போ' என்றால் உன் பிடியைத் தளர்த்து என்று பொருள். 'அவள் புருஷனை யாரிடமும் விட்டுக்கொடுக்க மாட்டாள்' என்றால் பிறர் முன்னால் அவனைத் தாழவிட மாட்டாள் என்று பொருள். வாசலுக்கு உள்ளே விட்டுக்கொடுக்க வேண்டும், வாசலுக்கு வெளியே விட்டுக்கொடுக்கக் கூடாது. இரண்டையும் ஒரே வினையில் வைத்திருக்கும் மொழி சாமர்த்தியமானதுதான். கோளாறு, இந்த இரண்டு அறிவுரையும் எந்தக் காதுக்குப் போய்ச் சேருகின்றன என்பதில். 'அட்ஜஸ்ட் பண்ணிக்கோம்மா' என்ற தொடர் எந்த ஊரிலும் 'ம்மா'வில்தான் முடிகிறது. 'சரிக்குச் சரி பேசுகிறாள்' என்பது நம் வழக்கில் புகார். 'சரிக்குச் சரி பேசுகிறான்' என்று ஒரு கணவனைப் பற்றி யாரும் சொல்லிக் கேட்பதில்லை, அவன் பேசுவது எப்போதும் சரி என்பதால்.

தேசியப் புள்ளியியல் அலுவலகம் 2019-இல் நடத்திய நேரப் பயன்பாட்டுக் கணக்கெடுப்பு இதை நிமிடங்களில் காட்டியது. ஆறு வயதும் அதற்கு மேலும் ஆனவர்களில், ஒரு நாளில் கூலியில்லாத வீட்டுவேலையில் ஈடுபட்ட பெண்கள் 81.2 விழுக்காடு, ஆண்கள் 26.1 விழுக்காடு. ஈடுபட்டவர்கள் செலவழித்த நேரத்தை மட்டும் எடுத்தாலும் பெண்ணுக்கு 299 நிமிடம், ஆணுக்கு 97 நிமிடம். வாங்கல் மட்டும் இருந்து கொடுக்கல் இல்லாத கணக்கை எந்தக் கடைக்காரரும் இத்தனை காலம் ஓட்டமாட்டார். காட்மன் குழுவினர் 130 புதுமணத் தம்பதிகளைப் பின்தொடர்ந்து 1998-இல் வெளியிட்ட ஆய்வு இந்த இடத்தில் பொருந்துகிறது. மனைவியின் கருத்துக்குத் தன்னை அசைத்துக்கொடுக்க மறுத்த கணவர்களின் மணங்கள் முறியும் வாய்ப்பு கூடுதலாக இருந்தது. மனைவிமார் ஏற்கெனவே அசைந்துகொடுத்துக்கொண்டுதான் இருந்தார்கள். வித்தியாசம் கணவனின் பக்கத்தில்தான் விழுந்தது.

அப்படியானால் கணக்கு வைத்துச் சரிபாதி பிரித்துக்கொள்ள வேண்டுமா? இங்கே இன்னொரு ஆட்சேபம் காத்திருக்கிறது. மார்கரெட் கிளார்க், ஜட்சன் மில்ஸ் இருவரும் 1979-இலிருந்து காட்டிவந்த வேறுபாடு ஒன்று உண்டு. வியாபார உறவில் கொடுத்ததற்கு உடனே பதில் வந்தால் மகிழ்ச்சி. நெருக்கத்தை நாடும் உறவில் உடனே பதில் செய்தால் அது கடனைத் தீர்த்து முகத்தைத் திருப்பிக்கொள்வதுபோல் படுகிறது. நமக்கும் இது தெரிந்ததுதான். பக்கத்து வீட்டுக்காரர் கொடுத்தனுப்பிய கிண்ணத்தை அன்றைக்கே கழுவித் திருப்பி அனுப்புகிறவரை யாரும் மெச்சுவதில்லை. இரண்டு நாள் கழித்து, அதில் ஏதாவது போட்டு அனுப்ப வேண்டும். தாம்பத்தியக் கணக்கும் தினம் முடித்துக் கையெழுத்து வாங்குகிற கணக்கு இல்லை என்பதை ஒப்புக்கொள்ளலாம். ஆனால் கணக்கு பார்க்காதே என்ற அறிவுரையை, பாக்கி வைத்திருப்பவரே சொல்லும்போதுதான் இடிக்கிறது. கிண்ணம் வெறுமையாகவே ஆண்டுக்கணக்கில் திரும்பி வந்தால், எந்தக் கணக்கும் பார்க்காதவருக்கும் கை கனக்கும். தினக்கணக்கு வேண்டாம், பாக்கியை ஒருநாள் எடுத்துச் சொல்லும் உரிமை வேண்டும். அந்த உரிமைக்குத்தான் சவால் என்று பெயர்.

தமிழ்நாட்டில் இந்த வாதம் சட்டமாகவே வந்தது. கன்னிகாதானத்தில் கொடுப்பவர் பெண்ணின் தந்தை, வாங்குபவர் மாப்பிள்ளை. பெண் கொடுக்கப்படும் பொருள். தானம் ஒருவழிப் பாதை. பெரியார் அதற்கு எதிராகக் கல்யாணத்தை வாழ்க்கைத் துணை ஒப்பந்தம் என்று சொல்லத் தொடங்கினார். 1967-இல் மாநில அரசு கொண்டுவந்த திருத்தம், இந்து திருமணச் சட்டத்தில் 7ஏ பிரிவைச் சேர்த்து, சுயமரியாதைத் திருமணங்களுக்குச் சட்ட ஏற்பைக் கொடுத்தது. ஒப்பந்தம் என்ற சொல்லில் ஈரம் இல்லை என்று அப்போதே முணுமுணுத்தவர்கள் உண்டு. ஈரத்தைச் சொல்லில் தேட வேண்டியதில்லை. ஒப்புவதற்கு இருவர் வேண்டும், ஒப்பாமல் போகவும் இருவருக்கும் இடம் இருக்க வேண்டும் என்பதை அந்தச் சொல் ஏற்றுக்கொண்டது. மருதத்துப் பெண்ணின் ஊடலுக்குக் கிடைக்காத தரையை அது போட்டுக்கொடுத்தது.

அந்தத் தரை இல்லாத வீடுகளை மறந்துவிட்டுச் சவாலின் பெருமையைப் பேசுவது பொறுப்பற்ற செயல். ஐந்தாவது தேசியக் குடும்ப நல ஆய்வின்படி, 2019-21 காலத்தில் மணமான பெண்களில் (18 முதல் 49 வயது) ஏறக்குறைய 29 விழுக்காட்டினர் கணவனின் உடல் அல்லது பாலியல் வன்முறைக்கு ஒருமுறையாவது ஆளானவர்கள். எதிர்த்துப் பேசினால் அடி விழும் வீட்டில் 'சவால் விடு, உறவு உயிர்பெறும்' என்று சொல்ல யாருக்கும் உரிமை இல்லை. அங்கே நடப்பதை ஊடல் என்றோ கலாம் என்றோ சொல்லக் கூடாது. அதற்குச் சட்டத்தில் வேறு பெயர் இருக்கிறது. என் வாதம் இந்த இடத்தில் உடைவதாக நான் நினைக்கவில்லை, அதன் நிபந்தனைதான் வெளியே தெரிகிறது. தோற்றாலும் ஒன்றும் ஆகிவிடாது என்ற நிச்சயம் இருவருக்கும் இருந்தால்தான் அது ஆட்டம். மோதிரம் எடுக்கத் தவறியவரை அடிப்பார்கள் என்றால் அந்தக் குடத்தில் யார் கையை விடுவார்?

பெற்றோர் பார்த்து முடித்த கல்யாணங்களுக்கு இந்தப் பேச்செல்லாம் எதற்கு, அவை மெதுவாகத் தாமாகவே கனிந்துவிடுகின்றனவே என்ற எதிர்வாதமும் உண்டு. இதற்கு ஆதாரமாக அடிக்கடி காட்டப்படுவது உஷா குப்தாவும் புஷ்பா சிங்கும் 1982-இல் ஜெய்ப்பூரில் 50 தம்பதிகளை வைத்துச் செய்த ஆய்வு. காதல் மணங்களில் சில ஆண்டுகளுக்குப் பிறகு காதலின் அளவு இறங்க, ஏற்பாட்டு மணங்களில் அது ஏறியது. மிகச் சிறிய ஆய்வு அது. அமெரிக்காவில் வாழும் இந்தியர்களிடம் 2012-இல் பார்த்தபோது இரண்டு வகைக்கும் அப்படிப்பட்ட வித்தியாசம் தெரியவில்லை. ஏற்பாட்டு மணத்தில் அன்பு ஏறுகிறது என்றே வைத்துக்கொண்டாலும், ஏன் ஏறுகிறது என்று கேட்டால் பேச்சு நம் பக்கமே திரும்புகிறது. முன்பின் தெரியாத ஒருவரோடு, அவர் சாப்பிடும் உப்பின் அளவிலிருந்து தூங்கும் நேரம் வரை கண்டுபிடித்து, தன்னுடையதையும் சொல்லிப் புரியவைத்து, மாமியார் வீட்டு வழக்கத்துக்கு நடுவில் தனக்கொரு மூலையைப் பிடிப்பதைவிடப் பெரிய சவால் எது? காதலித்தவர்கள் கல்யாணத்துக்கு முன்பே தாண்டிவிட்ட தடுப்புகளை இவர்கள் பிறகு தாண்டுகிறார்கள். தாண்டி முடித்ததும் இவர்களுக்கும் அதே சமதரைதான்.

அந்தச் சமதரை இப்போது நீண்டுகொண்டே போகிறது. பிள்ளைகள் பெங்களூருக்கோ டொரோண்டோவுக்கோ போய்விட, பணி ஓய்வுக்குப் பிறகு இரண்டு பேர் மட்டும் இருபது ஆண்டுகள் ஒரே வீட்டில் இருப்பது நம் சமூகத்துக்குப் புதிது. கூட்டுக் குடும்பத்தில் மாமியாரும் நாத்தனாரும், பிறகு பிள்ளைகளின் படிப்பும் பரீட்சையும் கொடுத்துவந்த சவால்கள் ஒரேயடியாக நின்றுவிடுகின்றன. முப்பத்தைந்து ஆண்டுகளாகக் காலை எட்டரைக்கு வெளியே போய்க்கொண்டிருந்தவர் இப்போது எட்டரைக்குச் சமையலறை வாசலில் வந்து நிற்கிறார். அதுவரை மனைவியின் ராஜ்ஜியமாக இருந்த இடத்தில் இரண்டாவது கை நுழைகிறது. குடத்தின் வாய் அன்றைக்கு இருந்த அதே குறுகல்தான். ஒருநாள் காபியைத் தானே போடுவதாக அவர் கிளம்புகிறார். ஃபில்டரில் பொடியை அழுத்தாமல் வெந்நீரை ஊற்றியதால் டிகாக்‌ஷன் சரசரவென்று இறங்கித் தண்ணீராக நிற்கிறது. அதை ஒரு வாய் குடித்துவிட்டு, 'நல்லாவே இல்லை' என்று அவள் அவர் முகத்துக்கு நேரே சொல்லலாம். சொன்னால் அவர் கொஞ்ச நேரம் முறுக்கிக்கொண்டு பேப்பருக்குப் பின்னால் உட்கார்ந்திருப்பார். மறுநாள் பொடியை எவ்வளவு அழுத்த வேண்டும் என்று கேட்டுக்கொண்டு வருவார். அவள் நகர்ந்து அடுப்புக்குப் பக்கத்தில் இடம் விடுவாள். மனுஷர் ஏதோ ஆசையாகப் போட்டிருக்கிறார் என்று வாயைத் திறக்காமல் குடித்துவைத்தால், மறுநாளும் அதே தண்ணிக் காபி வரும், அதற்கடுத்த நாளும் வரும்.